எதிர்முனையிலிருந்து ஓர் ஓவர்

பந்து உமையாளின் கைக்கு வந்தபோது அதில் ஜெனோவாவின் சூடு இன்னும் இருந்தது. முந்தின ஓவர் முழுக்க அந்தப் பெண் அதைத் தொடையில் ஒரே பக்கமாகத் தேய்த்துத் தேய்த்து, ஒரு கன்னத்தை மங்கலாகவும் ஒரு கன்னத்தைக் கண்ணாடியாகவும் ஆக்கிவைத்திருந்தாள். இப்போது அந்தக் கண்ணாடிப் பக்கத்தில் கட்டைவிரல் படுவதே தப்பு செய்கிற மாதிரி இருந்தது, பிறர் வீட்டுப் பூஜையறையில் ஈரக்காலோடு போய் நின்றுவிட்ட மாதிரி. ஆறு பந்து. ஆறே ஆறு. பதினாறு வருஷமாக மாநிலப் பெண்கள் அணிக்கு ஆஃப் ஸ்பின் போடுகிறவளுக்கு ஆறு பந்து ஒரு கணக்கா? எத்தனை ஆயிரம் ஆறு போயிருக்கும். ஆனால் விக்கெட் விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டு ஒரு ஓவரை அவள் வாழ்நாளில் போட்டதில்லை. திண்டுக்கல்லுக்கு வெளியே, சிறுமலையின் நீலம் மரங்களுக்கு மேல் எட்டிப்பார்க்கிற ஒரு கல்லூரி மைதானம். மூன்று நாள் ஆட்டத்தின் கடைசி நாள், தேநீர் முடிந்து அரைமணி. ஹைதராபாத் அணி ஜெயிக்க இன்னும் பதினோரு ரன் வேண்டும், அவர்கள் கையில் மிச்சம் ஒரே ஒரு விக்கெட். விழுந்த ஒன்பதும் ஜெனோவா ஒருத்தி எடுத்தது. மிச்சமிருக்கிற ஒன்றையும் அவளே எடுத்துவிட்டால் ஒரு இன்னிங்ஸின் அத்தனை விக்கெட்டும் ஒரே கையில். உமையாள் ஆடுகிற இத்தனை வருஷத்தில் எந்த மைதானத்திலும் அதைப் பார்த்ததில்லை, பார்த்ததாக யாரும் சொன்னதும் இல்லை. ஆனால் ஒரு முனையிலிருந்து ஒருத்தி ஆறு பந்து போட்டால் அடுத்த ஆறை எதிர்முனையிலிருந்து வேறொருத்திதான் போட்டாக வேண்டும். அந்த வேறொருத்தி உமையாள். அவள் பந்தில் யாராவது அவுட் ஆகித் தொலைத்தால் அணிக்கு வெற்றி, ஜெனோவாவுக்கு ஒன்பதோடு சரி. இந்த நேரத்தில் எதிர்முனைக்காரி என்ன செய்ய வேண்டும் என்று எந்த விதிப்புத்தகத்திலும் எழுதவில்லை. ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். ஸ்டம்புக்கு எட்டாமல், மட்டைக்கு எட்டாமல், வெளியே வெளியே போட்டுவிட்டு நடுவரிடம் தொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும்.

கேப்டன் பர்வீன் பக்கத்தில் வந்து வாயை மணிக்கட்டால் மறைத்துக்கொண்டு அதையேதான் சொன்னாள். "க்கா, வெளிய போடுங்க. ஸ்டம்ப் பக்கமே வேணாம். இந்த ஒரு ஓவர் தாண்டிட்டா போதும், அப்புறம் அவ பாத்துக்குவா." "அவங்களுக்குப் பதினொண்ணுதான்டி வேணும்," என்றாள் உமையாள். "தெரியும்க்கா. தெரிஞ்சுதான் சொல்றேன்." பர்வீன் வாணியம்பாடிக்காரி. இருபத்தெட்டு வயது. ஒரு ரன்னைக்கூட சும்மா விட்டுக்கொடுக்க மனசு வராதவள், பயிற்சி ஆட்டத்தில் தோற்றால்கூட இரண்டு வேளை சாப்பிடாமல் கிடப்பவள். அவளே ஆட்டத்தைப் பணயம் வைக்கிறாள். பதினோரு பேரில் பத்துப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதிலேயே முடிவு ஆகிவிட்டது. ஜெனோவாவை மட்டும் யாரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? ஏழாவது விக்கெட் விழுந்ததிலிருந்து அவளிடம் யாரும் பேசவே இல்லை. பேசினால் போய்விடும் என்று ஒரு பயம். தேநீர் இடைவேளையில் அவள் பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் நான்கு பேர் உட்காருகிற இடம் காலியாகவே கிடந்தது. உபரி ஆட்டக்காரி ஒருத்தி மணி என்ன என்று கேட்டதற்கு இன்னொருத்தி வாய் தவறி "மூணு பத்து" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பத்தைக் கேட்டு அறையே உறைந்துபோனது. விக்கெட் கீப்பர் சுகுணா அவள் மண்டையில் கையுறையால் ஒரு போடு போட்டாள். "மூணே காலுக்கு அஞ்சு நிமிசம் இருக்குதுன்னு சொல்லத் தெரியாதாடி உனக்கு? பள்ளிக்கூடத்துல என்னத்தப் படிச்ச?" எல்லோரும் சிரித்தார்கள். ஜெனோவா சிரித்தாளா? உமையாள் ஓரக்கண்ணால் பார்த்தாள். தூத்துக்குடியில் துறைமுகத்துக் கிரேன் ஓட்டுகிறவரின் மகள், இருபத்துமூன்று வயது, பழத்தோலை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு ஷூவின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். விக்கெட் எடுத்தாலும் அவள் அதைத்தான் செய்வாள். குதிக்க மாட்டாள், கத்த மாட்டாள். குனிந்து கயிற்றைக் கட்டுவாள்.

முதல் பந்து. மட்டையோடு நிற்பவள் சௌஜன்யா, நாற்பத்தெட்டு ரன் எடுத்து நிலைத்துவிட்டவள், அவசரப்படாதவள். இவள் நிற்கிறவரை பரவாயில்லை, இவள் தானாக அவுட் ஆகமாட்டாள். உமையாள் நாலடி நடந்து, ஐந்தாவது அடியில் திரும்பி, கையை மேலே கொண்டுபோனாள். விரல்கள் தாமாகவே பந்தின் தையலைத் தேடிக்கொண்டு போய் உட்கார்ந்தன. வேண்டாம், திருப்பாதே, சும்மா விடு. சும்மா விடுவது எப்படி? அவளுடைய சுட்டுவிரலுக்கு அது தெரியவில்லை. தேங்காய் துருவுகிற கைக்கு மெதுவாகத் துருவு என்று சொன்னால் விரலைத்தான் துருவிக்கொள்ளும். பந்து ஒருவழியாகக் கையைவிட்டுப் போய், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஒன்றரை முழம் தள்ளி விழுந்து, எந்த எண்ணமும் இல்லாத பந்தாகச் சுகுணாவின் கையுறைக்குள் போனது. சௌஜன்யா மட்டையைத் தூக்கிக்கொண்டு அதைப் பார்த்தாள், பிறகு உமையாளைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. அந்தப் பார்வையில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. ஒரு முறை, ஒரே ஒரு முறை, உமையாளுக்கும் இப்படி யாராவது வெளியே போட்டிருக்கிறார்களா? கௌஹாத்தியில் மழைத் தூறலில் ஏழு விக்கெட் எடுத்தாள். எட்டாவதுக்கு எதிர்முனையில் யாரும் காத்திருக்கவில்லை, மூன்று பந்தில் மிச்சத்தை உருட்டிவிட்டுக் கைகுலுக்க வந்துவிட்டார்கள். மறுநாள் பேப்பரில் அவள் பேரை உமா என்று போட்டிருந்தார்கள். காரைக்குடியில் அண்ணன் அழகப்பனும் அவன் கூட்டாளிகளும் கழனிவாசல் பொட்டலில் ஆடுகிற காலத்தில், பன்னிரண்டு வயதுப் பெண்ணை எதற்குச் சேர்த்துக்கொண்டார்கள்? மட்டை பிடிக்கவா? மட்டை பிடிக்க ஒன்பது பையன்கள் வரிசையில் நின்றார்கள். வெயிலில் ஓயாமல் பந்து போட ஒரு ஆள் வேண்டும். "நீ போடு உமை, நீ போடு, உனக்கு அடுத்த வாரம் பேட்டிங்." அடுத்த வாரம் வரவே இல்லை. அண்ணன் அடிப்பதற்காகப் போட்ட பந்துகள். ஒருநாள் அவனே அடிக்க முடியாமல் ஒரு பந்து திரும்பிப் போய் ஸ்டம்புக்கு வைத்த செங்கல்லில் பட்டது. அந்தச் சத்தம். அதற்கப்புறம் அவளை யாரும் போடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது இன்னும் வெளியே போனது, அளவுக்கு மீறி வெளியே. நடுவர் இரண்டு கையையும் விரித்து வைட் என்று காட்டினார். ஒரு ரன் சும்மா. இன்னும் பத்து. சுகுணா பாய்ந்து விழுந்து பந்தைப் பிடித்தவள் எழுந்து புல்லைத் தட்டிக்கொண்டே கத்தினாள். "அக்கோவ், பந்த அங்கயே வெச்சுப்போட்டு வாங்க, நானே வந்து எடுத்துக்கறனுங்! எதுக்கு ரண்டு பேருக்கும் வீண் அலைச்சல்?" சுற்றிலும் லேசான சிரிப்பு. எல்லைக்கோட்டுக்கு அப்பால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்கள்கூடச் சிரித்தார்கள். ஜெனோவா சிரிக்கவில்லை. உமையாளுக்கு வலப்பக்கம், மிட் ஆனில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு ஓவர் ஓய்வு எடுக்க அங்கே நிறுத்தியிருந்தார்கள். காலையிலிருந்து அந்தப் பெண் போட்டதையே உமையாள் நினைத்துக்கொண்டாள். எத்தனை வேகப்பந்துக்காரிகளைப் பார்த்தாகிவிட்டது, வருகிறார்கள், தோளை உடைத்துக்கொள்கிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். இவள் ஓடிவருவது வேறு. ஓடி வருகிறாள் என்றே தோன்றாது, தரை அவளைக் கொண்டுவந்து விடுகிறது. பதினான்கு அடி, ஒவ்வொன்றும் முந்தினதைவிட ஒரு சொட்டு நீளம். கடைசி அடியில் ஒரு மௌனம். காது கொடுத்துக் கேட்டால் தெரியும், இடது கை மேலே போகிற அந்த நேரத்தில் மைதானத்தில் ஒரு சத்தமும் இருக்காது, காக்கைகூட வாயை மூடிக்கொள்ளும். பிறகு பந்து விழுகிற சத்தம், அப்புறம் ஸ்டம்போ மட்டையின் ஓரமோ. நாலாவது விக்கெட்டின்போது பந்து உள்ளே வருகிற மாதிரி வந்து, வந்து, மனசை மாற்றிக்கொண்டு வெளியே போனது. ஆறாவது, மட்டைக்காரியின் கால்விரல் நுனியில். ஒன்பதாவது எதுவுமே செய்யவில்லை, நேராக வந்தது. மற்ற எட்டையும் பார்த்துப் பயந்திருந்தவளுக்கு நேரான பந்து புரியவில்லை. அப்படி ஒரு எளிமை. எல்லாம் தெரிந்தபிறகு வருகிற எளிமை. இருபத்துமூன்று வயதில் யார் கொடுத்தது இதை? எட்டாவது விழுந்தபோது உமையாளுக்குள் ஏதோ ஒன்று சின்னதாக, பல்லிக்குஞ்சு மாதிரி ஓடியதே, அது என்ன? பொறாமை என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் போய்விடும். அவள் சொல்லிக்கொண்டாள். அது போகவில்லை. ஆனால் கூடவே வேறொன்றும் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. இதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறது, அதுவும் எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து இல்லை, உள்ளே நின்று, இதே புல்லின் மேல்.

வைட் கணக்கில் வராது, மறுபடி இரண்டாவது பந்து. இந்த முறை பயத்தில் அவ்வளவு வெளியே போடவில்லை. சௌஜன்யா காத்திருந்தவள் மாதிரி ஒரு காலைக் குறுக்கே எடுத்துவைத்து, முழங்காலை மடித்து, கவரில் நின்றவளின் தலைக்கு மேலே தூக்கி அடித்தாள். நல்ல அடி. பந்து வேலியில் போய் மோதியது. நாலு. இன்னும் ஆறு ரன். ஹைதராபாத் பெண்கள் கூடாரத்தில் எழுந்து நின்று தெலுங்கில் கூவினார்கள். பர்வீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு அடி இப்படி விழுந்தால் ஆட்டம் கையைவிட்டுப் போகும் தூரம், ஒன்பது விக்கெட்டும் தோற்ற அணியின் ஒன்பது விக்கெட்டாக ஆகிவிடும், யாருக்கு ஞாபகம் இருக்கும்? பந்து கைமாறிக் கைமாறி வந்தது. கடைசியில் அதை எடுத்துக்கொண்டு வந்தவள் ஜெனோவா. எறிந்திருக்கலாம், நடந்து வந்தாள். ஏழாவது விக்கெட்டுக்குப் பிறகு அவள் வாயைத் திறந்தது இப்போதுதான். "என்னக்கா செய்யுதீங்க?" குரலில் கோபம் இருந்தது, மரியாதை குறையாத கோபம். "உங்க பந்து எங்கக்கா? இது யாரு பந்து?" உமையாள் அவள் கையிலிருந்த பந்தை வாங்கப் பார்த்தாள். ஜெனோவா விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "ஆட்டம் போயிரும்லாக்கா. மூணு நாளு வெயில்ல நின்னது எல்லாரும்தான?" "உனக்கு இது திரும்ப வராது, ஜெனோ." "வராட்டிப் போகட்டும்." "சின்னப் பிள்ளை மாதிரிப் பேசாதே. போய் நில்லு." "எனக்குன்னு நீங்க ஒண்ணும் விட்டுத்தர வேண்டாம்க்கா. போடுங்க. விழுந்தா விழட்டும்." பந்தை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உமையாளின் கன்னம் எரிந்தது. திமிர். இல்லை, திமிர் இல்லை, அதுதான் கஷ்டம். திமிராக இருந்தால் திட்டிவிட்டு வெளியே போடலாம். அவள் வேண்டாம் என்று சொன்னதாலேயே அவளுக்குக் கொடுத்தே தீர வேண்டும் போல இருந்தது. பர்வீன் தூரத்திலிருந்து கண்ணால் கேட்டாள். உமையாள் தலையை அசைத்தாள். என்னவென்று அசைத்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாவது பந்தை சௌஜன்யா தட்டிவிட்டு ஓடினாள், இரண்டு ஓடப் பார்த்தாள். எல்லைக்கோட்டருகே நின்ற தீபஜோதி ஓடிவந்து எறிந்த எறியில் ஒன்றோடு நின்றுவிட்டார்கள். இன்னும் ஐந்து. அதைவிடப் பெரிய ஆபத்து, முனை மாறிவிட்டது. இப்போது மட்டையோடு நிற்பவள் கடைசி ஆள் ஸ்ரவந்தி, பத்தொன்பது வயது, தலைக்கவசம் மூக்குவரைக்கும் இறங்குகிறது, கையில் மட்டை துடைப்பம் மாதிரி. சௌஜன்யாவை நம்பலாம், அவள் அவுட் ஆகமாட்டாள். இந்தப் பெண்ணை நம்பி எந்தப் பந்தைப் போடுவது? இவள் காற்றுக்கே அவுட் ஆவாள். இவள் ஜெனோவாவுக்கு வேண்டிய பெண், ஜெனோவா கையில் சிக்கினால் முதல் பந்திலேயே போய்விடுவாள், இன்னும் மூன்று பந்து தாண்டிவிட்டால் போதும். கடவுளே, மூன்று பந்து. உமையாள் கையைக் கால்சட்டையில் துடைத்தாள். வியர்வை, சுண்ணாம்பு வாசனை, வலது தோளுக்குள் அந்த மணல் அரைபடுகிற சத்தம், அவளுக்கு மட்டும் கேட்கிற சத்தம். இந்த வருஷத்தோடு சரி. யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் தோள் சொல்லிவிட்டது. பெரம்பூரில் அண்ணன் வீட்டில் அண்ணி சோறு போட்டுக்கொண்டே கேட்கிறாள், "அதுக்கப்புறம் என்ன செய்யலாம்னு இருக்கே உமை?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அலுவலகத்தில் காலை பத்திலிருந்து ஐந்துவரை ஒரு மேசை இருக்கிறது, விளையாட்டுக்காக வந்த வேலை, விளையாட்டு போனபிறகும் இருக்கும். மேசையில் உட்கார்ந்து என்ன செய்வார்கள் மற்றவர்கள்? சாயங்காலம் நாலு மணிக்கு உடம்பு எதற்காக விழித்துக்கொள்கிறது என்று அந்த மேசைக்கு எப்படிச் சொல்வது? பயம்தான், மறைத்து என்ன. மூச்சு முட்டுகிற மாதிரி இல்லை, ரயில் போனபிறகு பிளாட்பாரத்தில் நிற்கிற மாதிரி. ஆனால் இன்றைக்கு இந்த ஒரு ஓவரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால், ஜெனோவாவின் அந்த ஒன்றில் இவளுக்கும் ஒரு நூலிழை இருக்கும். எந்தப் பேப்பரிலும் வராது. உமா என்றுகூட வராது. பரவாயில்லை. வெளியே போடு. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, நல்ல வெளியே. அவள் நடந்தாள், திரும்பினாள், கையை உயர்த்தினாள், விட்டாள். விட்ட அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஜெனோவா இடதுகைக்காரி, எதிர்முனையிலிருந்து ஓடிவருகிறவள். மூன்று நாளாக அவள் முன்கால் ஓங்கி ஊன்றி ஊன்றி, இப்போது ஸ்ரவந்தி நிற்கிற இடத்துக்கு முன்னால், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, உள்ளங்கையளவு ஒரு குழி விழுந்திருந்தது. சுழல்பந்துக்காரிக்கு அந்த மாதிரிக் குழி தங்கச் சுரங்கம். பதினாறு வருஷமாக மூன்றாம் நாள் மாலைகளில் உமையாளின் விரல்கள் தேடித் தேடிப் போய்ப் பந்தை விட்டது அந்தக் குழிகளில்தான். மனசு வெளியே என்றது. விரல் அதைத் தன் பாஷையில் புரிந்துகொண்டது. பந்து மெல்ல மிதந்து, இறங்கி, அந்தக் குழியின் உதட்டில் பட்டுத் துள்ளி எழுந்தது. விட்டுவிடு பெண்ணே, தொடாதே, தொடாதே. ஸ்ரவந்தி கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றினாள்.

மட்டையின் மேல் ஓரத்தில் பட்டுப் பந்து மேலே போனது. இன்னும் மேலே. சிறுமலையின் தோளைத் தாண்டி, மரங்களைத் தாண்டி, வெயில் வெள்ளையாக இருக்கிற இடம்வரைக்கும் போயிற்று. உமையாளின் வலப்பக்கம் பின்னால், மிட் ஆனுக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவே, ஆளே இல்லாத பரப்பின் மேல் அது நின்றது. வேறெந்த நாளாக இருந்தாலும் பர்வீன் உடனே ஒரு பேரைச் சொல்லிக் கத்தியிருப்பாள், யார் பிடிப்பது என்று கேப்டன் சொன்னால்தான் இரண்டு பேர் மோதிக்கொள்ளாமல் இருப்பார்கள். பர்வீன் வாயைத் திறக்கவில்லை. யாரும் யார் பேரையும் சொல்லவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி, கோயில் கும்பாபிஷேகத்தில் கருடன் வருவதைப் பார்க்கிற கூட்டம் மாதிரி, ஆனால் வரவேண்டாம் என்று வேண்டிக்கொள்கிற கூட்டம். எல்லையிலிருந்து தீபஜோதி ஓடிவரத் தொடங்கினாள். ஆறேழு அடி வைத்ததும் அவள் ஓட்டம் தளர்ந்தது, எவ்வளவு அழகாகத் தளர்த்தினாள், கால் தடுக்கின மாதிரி, வெயில் கண்ணில் பட்ட மாதிரி, நல்ல பிள்ளை, அப்படியே நில்லு. விழட்டும். புல்லில் விழட்டும். ஒரு ரன் ஓடிக்கொள்ளட்டும், நாலு மிச்சம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பிடிபடாத கேட்சுக்கு யாரும் யாரையும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அவ்வளவு தூரம், அவ்வளவு உயரம். அப்போதுதான் வேறொரு காலடிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும், காலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்த சத்தம், முந்தினதைவிட ஒரு சொட்டு நீளமாகப் போகிற அடிகள். மிட் ஆனிலிருந்து ஜெனோவா திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, பந்துக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தாள். ஜெனோ. ஜெனோ, வேண்டாம். உமையாளின் வாய்வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. எட்டாது, அவளுக்கு எட்டாது, காலையிலிருந்து இருபத்திரண்டு ஓவர் போட்ட கால்கள், இருபது கஜம் பின்னால், தலைக்கு மேலே வருகிற பந்து. எட்டாமல் போனால் அவளுக்கே நல்லது, அது அவளுக்குத் தெரியாதா? ஒரு அடி, ஒரே ஒரு அடியை அவள் சின்னதாக வைத்தால் போதும். அது இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். உமையாள் அவள் கால்களையே பார்த்தாள். எந்த அடியும் சின்னதாகவில்லை. எதிரே தீபஜோதி நின்றேவிட்டாள். அப்போது ஜெனோவா கத்தினாள். ஒன்பது விக்கெட்டுக்கும் கத்தாதவள், தொண்டை கிழியக் கத்தினாள். "என்னுது! என்னுது! யாரும் வராதீங்க, என்னுது!" கையை நீட்டிக்கொண்டு முன்னால் பாய்ந்தாள். புல்லில் சறுக்கிக்கொண்டு போனது ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு முழங்கை, ஒரு முழங்கால். பிறகு தரையிலிருந்து ஒரு கை மட்டும் மேலே எழுந்தது. இடது கை. அதில் பந்து.

ஜெயித்துவிட்டார்கள். அது யாருக்கும் சில நொடி பிடிபடவில்லை. நடுவரின் விரல் மேலே போயிற்று. ஸ்ரவந்தி மட்டையின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள், சௌஜன்யா வந்து அவள் முதுகில் கைவைத்தாள். பர்வீன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள், ஜெயித்த கேப்டன் நிற்கிற மாதிரி இல்லை. "அட பாவி மக்கா," என்று சுகுணா சொன்னது மட்டும் மைதானம் முழுக்கக் கேட்டது, யாரைச் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. மரத்தடியில் கல்லூரிப் பெண்கள் கைதட்டத் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஆட்டம் ஜெயித்தது தெரியும், மற்றது தெரியாது. உமையாள் நடந்தாள். ஓடத்தான் நினைத்தாள், கால் நடந்தது. ஸ்கோர் எழுதுகிறவர் இந்நேரம் எழுதிக்கொண்டிருப்பார், கேட்ச் ஜெனோவா, பந்துவீச்சு உமையாள் என்று. தன் பேர் அந்த இடத்தில் இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை. எத்தனை முறை ஆசைப்பட்ட இடம் அது. ஜெனோவா எழுந்து உட்கார்ந்து முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் உரிந்து மண்ணும் ரத்தமுமாக இருந்தது. அவள் கண் கலங்கியிருந்தது, வலியா வேறெதுவுமா என்று உமையாள் ஆராயவில்லை. பக்கத்தில் மண்டியிட்டாள். "அது குழில பட்டுருச்சுடி," என்றாள். "நான் வெளியதான் போட்டேன். சத்தியமா வெளியதான் போட்டேன்." "தெரியும்க்கா." "தீபா நின்னுட்டா. நீயும் நின்னுருக்கலாம். யாரு உன்னையக் கேக்கப்போறா? ஏன்டி ஓடினே?" ஜெனோவா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளே அதை முதல் தடவையாக யோசிப்பது போல இருந்தது. "முதல்ல எட்டாதுன்னுதான்க்கா ஓடினேன்," என்றாள். "எட்டாது, சும்மா ஓடிப் பாப்போம்னு. பாதி தூரம் போனப்பறம் தெரிஞ்சுபோச்சு, எட்டும்னு." முழங்கையில் ஊதிக்கொண்டாள். "எட்டும்னு தெரிஞ்சப்பறம் எப்படிக்கா விடுறது?" உமையாள் அப்படியே புல்லில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, முழங்கைக் காயத்தில் ஒட்டியிருந்த மண்ணைச் சட்டை ஓரத்தால் துடைக்க ஆரம்பித்தாள். "எரியுதுக்கா, மெல்ல," என்றாள் ஜெனோவா. மற்றவர்கள் நாலா பக்கத்திலிருந்தும் அவர்களை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.